நடுவாசலால் போன பிள்ளை

போன கிழமை நம்முடைய ஞாயிறு பாடசாலைக் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. கனடாவில் இருக்கும் உங்களில் ஒருவர்தான் போட்டிருந்தீர்கள். தேவாலய மேடையில் கந்தல் சீலை சுற்றிய ஒரு பிள்ளை, கையில் மூட்டையோடு நிற்கிறாள். பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு பூவரசம் கம்போடு என் அண்ணை. அடியில் ‘எங்கள் பொற்காலம்’ என்று எழுதிப் பூக்களும் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே ஆளுக்கொரு கும்பிட்ட கை. பிறகு ஒருவர் கேட்டிருந்தார்: “உந்த அடிமையா நடிச்ச பிள்ளை ஆர்? எந்தக் குடும்பம்?”

இன்றுவரை ஒருவரும் மறுமொழி போடவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டீர்களா, அல்லது தெரிந்துகொண்டு வாயை மூடியிருக்கிறீர்களா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விசர்தான் வந்தது. போனில் தட்டி எழுத என் விரலுக்குப் பொறுமையும் இல்லை, கண்ணுக்கு வலுவும் இல்லை. ஆனபடியால் தாளில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படம் எடுத்து அனுப்புவிப்பேன். நீளம் என்று முறைப்பாடு சொல்லாமல் வாசியுங்கள்.

எழுத வைத்தது படம் மட்டுமல்ல. இப்போது இங்கே போதகரின் மனைவிதான் ஞாயிறு பாடசாலையை நடத்துகிறார். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த வண்ணச் சித்திரக்கதைப் புத்தகங்களை வைத்து, அடிமைகளாக இருந்து தப்பியவர்களின் வாழ்க்கையைச் சின்னதுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வழவழப்பான தாள், என்ன வடிவான படங்கள்! போன ஞாயிறு ஒரு சின்னவன் எழும்பி, “டீச்சர், எங்கடை ஊரிலையும் அடிமையள் இருந்தவையோ?” என்று கேட்டான். “இல்லையப்பன், அது அமெரிக்காவிலை,” என்றார் அவர். பின்வாங்கில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். கட்டடம் புதியது, பழையது நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் இடிந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதே நிலத்தில், இதே மறுமொழியை நான் சிறுமியாக இருந்து கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவர் என் அம்மா.

அது பாண் வாங்க விடியவே வரிசையில் நின்ற காலம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் சனம் பசியால் வாடியது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலோ வெங்காயமும் மிளகாயும் விளைந்த வீடுகளில் புதுக் கதிரை, புது றேடியோ. தெல்லிப்பழைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் அந்த வருடங்களில் ஒரு மலைநாட்டுப் பிள்ளை குசினியில் நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு தரகர் ரயிலில் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார். உங்கள் வீடுகளுக்கும் அவர்தான் கொண்டுவந்து விட்டார். மறந்திருந்தால் இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு என் வயது இருக்கும், அல்லது ஒன்று கூட. சட்டையின் பின்பக்கத்தை ஊசியால் குத்தியிருந்தாள். பெயர் கேட்டபோது மெதுவாக என்னவோ சொன்னாள். “உது இந்த வீட்டுக்குச் சரிவராது,” என்று அம்மா ஒரு வேதாகமப் பெயரைச் சூட்டினார். அன்றிலிருந்து அவள் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகினாள். ‘ஆமா’ என்று சொல்வாள். நாங்கள் சிரித்துச் சிரித்து ‘ஓம்’ சொல்லப் பழக்கினோம்.

“எங்கடை பிள்ளை மாதிரித்தான் வளர்க்கிறம்,” என்று அம்மா எல்லோருக்கும் சொல்வார். பொய் என்று நான் சொல்லவரவில்லை, அதுதான் இதில் வில்லங்கம். என் பழைய சட்டைகள் அவளுக்குத்தான். சனிக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேரின் தலைக்கும் ஒரே எண்ணெய்தான். கர்த்தருடைய ஜெபத்தை அம்மா அவளுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தார். ஆனால் சாப்பாடு நாங்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு. படுக்கை குசினியில், விறகுக்குப் பக்கத்தில் ஒரு பாய். என் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. கண்ட கண்ட பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்தவர். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் கதை வந்தால் மட்டும், “வாற வருசம் பாப்பம்,” என்பார்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போகவேண்டும், அவள் அம்மாவிடம் போகவேண்டும். அதை அவள் ஒளிக்கவில்லை. தரகர் கொண்டுவந்து விட்ட அன்றே, “நத்தாருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம்,” என்று சொல்லி அவள் அழுகையை நிறுத்தியிருந்தார். அந்த நத்தார் வந்தது, பாலன் பிறப்புப் பாட்டோடு போனது. அடுத்த நத்தாருக்கு என்றார்கள்.

திருவலையில் இருந்து தேங்காய் திருவும்போது அவள் தான் வந்த ரயில் பாதையைத் திருப்பிச் சொல்வாள். வந்த வழியையல்ல, போகும் வழியை. “இங்கயிருந்து ஏறுனா மொதல்ல பனமரம். பனமரம் முடிஞ்சா உப்பு, வெள்ளையா கெடக்கும். அப்புறம் காடு, காடு, காடு. அப்புறம் ஒரு ஸ்டேசன்ல வடை விப்பாங்க. அப்புறம் பெரிய ஸ்டேசன், மேல பாலம் இருக்கும். அங்க எறங்கி வேற ரயிலு. அது மெதுவா ஏறும் பாப்பா, குளிரும்.” நான் அவளுக்குப் ‘பாப்பா’. குளிரும் என்று சொல்லும்போது தோளை ஒடுக்கிக்காட்டுவாள். நான் அதை ஒரு பாட்டைப் போலக் கேட்டுக்கொண்டு, திருவின பூவைக் கள்ளமாக வாயில் போடுவேன்.

சோளகக் காற்று அடங்கும் நாட்களில், ஊருக்குத் திரும்பிப் போகவிருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா தன் பெட்டிகளை ஒழித்து, அம்மாவிடம் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தைக் கொடுத்தார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, சதுப்புக் காட்டுக்குள்ளால் நடந்து, ஆற்றைக் கடந்து தப்பிய ஒரு பெண்ணின் வாழ்க்கை, கட்டம் கட்டமாகப் படத்தில். கறுப்பும் கபிலமும்தான் நிறம். திறந்தால் மண்ணெண்ணெய் வாசம் வரும். அதைத் தமிழாக்கி எங்களுக்குப் படிப்பிக்கவேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு வேகம் பிறந்தது.

படத்திலுள்ளவர்களின் வாயிலிருந்து புறப்படும் வட்டங்களில் இங்கிலிசு இருந்ததல்லவா? அம்மா தமிழை நறுக்குத் தாள்களில் எழுதி அவற்றின் மேல் ஒட்டினார். பசை காய்ச்சியது அந்தப் பிள்ளை. “பாணுக்கு மா இல்லை, இவவுக்குப் படத்துக்குப் பசையோ?” என்று என் பப்பா புறுபுறுத்தார். அதில் ஒரு சங்கடம். நம்முடைய தமிழ் நீளம். வட்டத்துக்குள் அடங்காது. நறுக்குகள் வெளியே வழிந்து பக்கத்தில் நின்ற எஜமானின் தலையை மூடிவிட்டன. பாதிப் புத்தகத்தில் எஜமானுக்கு முகமே இல்லை. தொப்பி இருக்கும், கீழே சப்பாத்து இருக்கும், நடுவில் அம்மாவின் கையெழுத்து.

ஒட்டிய பக்கங்களை முற்றத்தில் கல் வைத்துக் காயவிடுவது அவள் வேலை. கோழி மிதிக்காமல் காவல் இருந்தபடி அவள் அந்தப் படங்களைப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்துக்கு எழுத்து எதற்கு? “இவங்க மூஞ்சிய ஏன் பாப்பா மறைச்சிட்டாங்க?” என்று கேட்டாள். இடம் போதவில்லை என்று சொன்னேன். அவள் அந்த நறுக்கை விரலால் தடவிப் பார்த்தாள்.

சபை மூப்பராக இருந்த பெரியப்பாவுக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டு விறாந்தையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“அடிமை எண்டு உப்பிடிப் பச்சையா எழுதினால் எப்பிடி? பின்வாங்கிலை இருக்கிறதுகள் என்ன நினைக்குங்கள்?”

பின்வாங்கில் இருந்தவர்களின் பாட்டன்மார் எங்கள் பாட்டன்மாரின் வளவுகளில் கூலி கேளாமல் பாடுபட்டவர்கள். ஞானஸ்நானம் ஒன்றாகத்தான் கொடுத்தோம். வாங்கு மட்டும் வேறு.

“அப்ப என்ன செய்யச் சொல்லுறியள், அத்தார்?” என்று அம்மா கேட்டார்.

“ஒவ்வொரு பக்கத்திலையும் அமெரிக்காவிலை எண்டு பெரிசா எழுது. பிள்ளையள் பிழையா விளங்கக்கூடாது.”

அம்மா அப்படியே செய்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சிவப்பு மையால், ‘அமெரிக்காவில்’. இந்தச் சிவப்பு மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வகுப்பில் அம்மா அந்தப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துப் படிப்பித்தது உங்களுக்கு நினைவில்லாமல் இருக்காது. கேட்டுக்கொண்டிருந்த நாமும் அழுதோம், சொல்லிக்கொண்டிருந்த அவரும் அழுதார். அந்தப் பெண்ணைக் குழந்தையிலேயே தாயிடமிருந்து பிரித்து விற்றுவிட்டார்கள், அவளுக்குத் தாய் என்று ஒருத்தி இல்லாமலே போய்விட்டது என்று அம்மா சொன்னபோது, முன்வரிசையில் ஒருத்தி விக்கி விக்கி அழுதாள். யாரென்று சொல்லமாட்டேன், இப்போது அவளுக்குப் பேத்தி இருக்கிறாள். எங்கள் வீட்டுப் பிள்ளை வெளியே படியில் இருந்தாள். எங்கள் செருப்புகளைக் காவல் காக்கிற வேலை அவளுக்கு. யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் வேகம் வகுப்போடு நிற்கவில்லை. ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாகப் போடத் தீர்மானித்தார். எஜமானாக என் அண்ணை. அவனுக்கு அப்போதுதான் குரல் உடைந்திருந்தது. அதட்டச் சொன்னால் அந்தரத்தில் கீச்சிடும். பாட்டுக்கு நாம் எல்லோரும். அடிமைப் பெண்ணாக நடிக்கத்தான் ஆள் இல்லை. அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். என்னென்ன மறுமொழி கிடைத்தது தெரியுமா?

“என்ரை பிள்ளை மேடையிலை அடிமையா நிண்டால், நாளைக்கு ஆர் வந்து கட்டுவான்?”

“பாட்டெண்டால் விடுறம் டீச்சர். உந்த வேசம் மட்டும் வேண்டாம்.”

சரி, என்னைப் போட்டாரா? இல்லை. பப்பா கதிரையிலிருந்து எழும்பாமலே, “கதைக்கக் கூடாது,” என்று முடித்துவிட்டார். பின்வாங்குப் பிள்ளைகளைக் கேட்கப் பெரியப்பா விடவில்லை. அது பெரிய சண்டையாகிவிடுமாம். கடைசியில் வழி சொன்னவரும் அவர்தான்.

“வீட்டிலை ஒருத்தி நிக்கிறாளெல்லோ. கரி பூசவும் தேவையில்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். தேநீர்க் கோப்பைகளோடு வந்தவள் எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

அந்தக் கிழமைகள்தான் அவள் எங்களோடு வாங்கில் இருந்த கிழமைகள். ஒத்திகைக்குத் தேவாலயத்தின் நடுவாசலால் உள்ளே வந்தாள். வசனத்தை நான் வாயால் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் நான் ஒரு வரி சொல்ல அடுத்த வரியை அவளே சொன்னாள். முற்றத்தில் படம் காயவைத்தபோதே முழுக் கதையும் அவளுக்குள் போய்விட்டிருந்தது. நாமெல்லாம் பாடமாக்கி ஒப்புவித்தோம். அவள் கதைத்தாள். தன் பேச்சை விட்டு நம்முடைய பேச்சில் அவ்வளவு சுத்தமாகக் கதைத்தாள். ஒருநாள் குழந்தையைப் பிரிக்கிற காட்சியில் அவள் அழுததைப் பார்த்து ஆர்மோனியம் வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உனக்கு இது கர்த்தர் தந்த வரம், பிள்ளை,” என்றார். ஒழுங்கையால் வீட்டுக்கு நடக்கும்போது, “கெதியாய்ப் போ, போனவுடனை தேங்காயைத் திருவு,” என்றார். இரண்டும் ஒரே குரல்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்வார்களே, அதை அம்மாவின் மேல் வைத்துச் சொல்ல எனக்கு இன்றும் வாய் கூசுகிறது. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை.

ஒத்திகை முடிந்த ஒரு பின்னேரம் அவள் அம்மாவிடம் கேட்டாள்.

“அம்மா, இவங்க ஏன் ஓடிப் போனாங்க? கேட்டா விடமாட்டாங்களா?”

அம்மாவுக்கு நல்ல கேள்வி பிடிக்கும். நின்று மறுமொழி சொன்னார். “விடமாட்டினம், பிள்ளை. எத்தினை தரம் கேட்டாலும் நாளைக்கு, நாளைக்கு எண்டு கடத்துவினம். அதாலைதான் ஓடினவ.”

“கேட்டுப் பாத்தாங்களா?”

“ஓம். முதல் கேட்டுத்தானே பாத்தவ.”

அவள் தலையாட்டினாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, இந்த நத்தாருக்கு நான் ஊருக்குப் போவட்டா?”

“இந்த நத்தாருக்கு எப்பிடியடி? கொழும்பிலையிருந்து ஆக்கள் வருகினமெல்லோ. வாற நத்தாருக்குப் பாப்பம்.”

நான் அப்போது அவித்த தட்டை ஊதிக்கொண்டு நின்றேன். அம்மா எதைச் சொன்னார், அதற்குச் சற்று முன்னர் எதைப் படிப்பித்தார் என்பது அந்த வயதில் எனக்கு ஒட்டவில்லை. அம்மாவுக்கும் ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் அது ஒட்டியது ஒருத்திக்குத்தான்.

ஆண்டு விழாவன்று வானம் மூடிக்கொண்டு நின்றது, மழை விழவில்லை. தேவாலயம் நிறைந்து யன்னல்களிலும் சனம். கடைசிக் காட்சியை அம்மா புதுமையாக அமைத்திருந்தார். தப்பியோடும் பெண் திரைக்குப் பின்னால் ஒளியக்கூடாது. மேடையிலிருந்து இறங்கி, சனத்தின் நடுவால் ஓடி, நடுவாசலால் வெளியே போகவேண்டும். பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பின்கதவால் வந்து, வெள்ளைச் சட்டை மாற்றி, விடுதலைப் பாட்டில் நடுவில் நிற்கவேண்டும். வெள்ளைச் சட்டை என்னுடையது. சென்ற வருட நத்தாருக்குத் தைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் பின்கதவடியில் நின்றேன்.

அண்ணை தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, “எங்கையடி போறாய்?” என்று அதட்டினான். அன்றைக்கு அவன் குரல் கீச்சிடவில்லை. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒத்திகைகளில் குனிந்துகொள்ளும் இடம் அது. “என்ரை வீட்டை போறன்,” என்றாள். அப்படி ஒரு வசனம் நாடகத்தில் இல்லை. அம்மா திரைக்குப் பின்னால் கையை உதறியது எனக்குத் தெரிந்தது. அவள் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். சனம் இரண்டு பக்கமும் எழும்பி நின்றது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! “ஓடு பிள்ளை, ஓடு!” என்று யாரோ கத்தினார்கள். நடுவாசலில் நின்ற பெரியப்பா தானே இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார்.

பாட்டுத் தொடங்கியது. பாட்டு முடிந்தது. நான் சட்டையோடு நின்றேன். அம்மா கண்ணால் கேட்டார், நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். ஆர்மோனியக்காரருக்குச் சைகை காட்ட, கடைசிச் சரணத்தைத் திரும்பவும் பாடினீர்கள், இன்னொரு தரமும் பாடினீர்கள். அதற்குள் ஸ்டேசன் பக்கத்தில் தெற்கே போகும் மெயில் வண்டி கூவியது. சரியான நேரத்தில் கூவியது என்று சனம் சிரித்தது. அதுவும் நாடகத்தோடு சேர்ந்தது என்று நினைத்தார்கள்.

முதலில் கிணறுகளைத்தான் பார்த்தார்கள். நம்முடைய ஊரில் ஒரு பெண்பிள்ளையைக் காணவில்லையென்றால் சனத்தின் கால் தானாகக் கிணற்றடிக்குத்தான் போகும். பப்பா எங்கள் கிணற்றுக்குள் குனிந்து பார்த்து நிமிர்ந்துவிட்டு, இன்னொரு தரமும் குனிந்து பார்த்தார். ஸ்டேசனில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் எப்படி ஏறினாள், டிக்கற் எடுத்தாளா, யாருடைய சீலைக்குப் பின்னால் ஒதுங்கி இருந்தாள், எனக்கு இன்றுவரை தெரியாது. மேடை மூட்டைக்குள் அம்மா திணித்திருந்த பழைய பேப்பர்கள் மட்டும் விறகுக்குப் பின்னால் கசங்கிக் கிடந்தன.

“நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டிலை வைச்ச கதைதான்,” என்றார் பெரியப்பா.

“என்ன குறை விட்டனாங்கள்? சொல்லுங்கோ, என்ன குறை விட்டனாங்கள்?” என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஒரு சாமானும் களவு போகவில்லை. அம்மாவின் சங்கிலி கிணற்றடி மாடத்திலேயே இருந்தது. அலுமாரியில் காணாமற் போயிருந்தது அந்தச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றுதான்.

பேப்பருக்கு அறிவித்தல் கொடுப்பது என்று முடிவாயிற்று. அவளுக்கென்று இருந்த ஒரே படம், நீங்கள் குழுவில் போட்ட அந்தப் படம்தான். அதில் அண்ணையை வெட்டிவிட்டு அனுப்புவதாகத் திட்டம். சாப்பாட்டு மேசையில் அம்மா எழுதினார், அண்ணை பக்கத்திலிருந்து வாசித்தான்.

“காணவில்லை. வயது பத்து அல்லது பதினொன்று. நிறம் கறுப்பு. இடக்கையில் சுட்ட தழும்பு உண்டு. கடைசியாகக் கந்தல் சீலை உடுத்திருந்தாள். பிடித்துத் தருபவர்களுக்குத் தகுந்த சன்மானம் வழங்கப்படும்.”

வாசித்து முடித்தவன் சும்மா இருக்கவில்லை. “அம்மா, உது அந்தப் புத்தகத்திலை எஜமான் மரத்திலை ஒட்டுற நோட்டீசெல்லோ? தழும்பு, சன்மானம், எல்லாம் அப்பிடியே கிடக்கு.”

“வாயைப் பொத்தடா!” என்று பப்பா பாய்ந்தார்.

அம்மா எழுதியதைத் திரும்ப வாசித்தார். பேனையைப் பிடித்தபடி இருந்தார். அந்தக் கட்டத்தைத் தமிழாக்கி ஒட்டியது அவருடைய கைதானே. பிறகு, “பெயர் எழுதேல்லை,” என்றார்.

“எழுதன்,” என்றார் பப்பா.

“நாங்கள் வைச்ச பெயர் ஆருக்குத் தெரியும்? அவளின்ரை சொந்தப் பெயர் என்ன?”

பப்பா என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன். எங்களோடு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவள். ஒருவருக்கும் தெரியாது.

அம்மா ‘பிடித்துத் தருபவர்களுக்கு’ என்பதை வெட்டி ‘தகவல் தருபவர்களுக்கு’ என்று எழுதினார். ‘எமது பிள்ளையைப் போல வளர்ந்தவள்’ என்று ஒரு வரி சேர்த்தார். அறிவித்தல் போனது, பேப்பரில் வந்தது. கந்தல் சீலையோடு, பெயரில்லாமல், ஒரு மூலையில்.

நத்தாருக்குக் கிட்ட, மழை விட்டிருந்த ஒரு பின்னேரம் தரகர் வந்தார். பெரியப்பாதான் அவரைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். அவளைக் கண்டால் கையோடு கூட்டிவரச் சொல்லி. அம்மா விறாந்தையில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலை அவருடையது. நான் கேக்குக்கு முந்திரிகை வத்தல் ஆய்ந்துகொண்டிருந்தேன். பெரியப்பா சாய்மனைக் கதிரையில்.

“தகப்பன்காரன் அடிச்சுச் சொல்லுறான், பிள்ளை அங்கை வரேல்லையாம்,” என்றார் தரகர். “தாய் வாயே திறக்கிறாளில்லை. அந்த லயத்து வரிசை அறையளிலை இருக்கிற முழுச்சனமும் ஒரே கதைதான், அப்பிடி ஒரு பிள்ளையைத் தெரியாதாம். பெத்து வளர்த்த பிள்ளையைத் தெரியாதாமோ? ஆனால் ஒண்டு கண்டனான், அம்மா. அவையின்ரை அறைச் சுவரிலை படம் ஒட்டிக் கிடந்தது. ஒரு கறுப்பி ஆற்றைக் கடக்கிற படம். தமிழ் நறுக்கெல்லாம் ஒட்டி, ஓரத்திலை சிவப்பு மையாலை அமெரிக்காவில் எண்டு எழுதியிருந்தது. உங்கடை புத்தகமெண்டு சொன்னியள், அதோ?”

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அங்கைதான் நிக்கிறாள்! பொலிசோடை போனால் இழுத்துக்கொண்டு வரலாம்.”

தேங்காய்ப் பாதி அம்மாவின் கையில் நின்றுவிட்டது. அவள் குளிர் என்று தோளை ஒடுக்கிக் காட்டியதுதான் கண்ணுக்குள் வந்தது. கர்த்தரே, அம்மா இல்லையென்று சொல்லவேண்டும் என்று வத்தலுக்குள் கையை வைத்துக்கொண்டு ஜெபித்தேன். அம்மாவோ வாழ்நாளில் பொய் சொல்லாதவர். எங்களையும் பொய்க்குத்தான் அடித்தவர்.

“அது எங்கடை இல்லை,” என்றார் அம்மா.

“என்ன கதை கதைக்கிறாய்? சிவப்பு மை எண்டு சொல்லுறாரெல்லோ!”

“உப்பிடிப் படங்கள் எத்தினையோ இருக்கும், அத்தார். நான் எழுதினது நீல மை.” பிறகு தரகரைப் பார்த்து, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. இனி இந்த வீட்டுக்கு ஆள் தேவையில்லை,” என்றார். திரும்பவும் திருவத் தொடங்கினார். சிரட்டையும் சேர்ந்து உராயத் திருவினார். அன்றைய சம்பலில் கறுப்புக் கறுப்பாக இருந்தது. பப்பா அதையும் குழைத்துச் சாப்பிட்டார்.

அதன் பிறகு வந்த ஞாயிறு வகுப்பைத்தான் நான் உங்களுக்கு நினைவுபடுத்தவேண்டும். புத்தகம் இல்லாமல் அம்மா வெறுங்கையோடு நின்றார். பாடம் முடிகிற நேரம் உங்களில் ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், அந்த அடிமைப் பொம்பிளை ஓடிப்போய்ப் பிறகு என்ன செய்தவ?”

“தாயிட்டைப் போனவ,” என்றார் அம்மா.

முன்வரிசையில் அழுதவள் உடனே கையைத் தூக்கினாள். “டீச்சர், அவவுக்குத் தாய் இல்லையெல்லோ! நீங்கள்தானே சொன்னனீங்கள்? கொப்பியிலையும் எழுதினனாங்கள்.”

அம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பினார். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“அது நான் பிழையாச் சொல்லித் தந்திட்டன்,” என்றார். “தாய் இருந்தவ. திருத்தி எழுதுங்கோ.”

நாம் எல்லோரும் குனிந்து, கொப்பியில் வெட்டித் திருத்தி எழுதினோம்.